கல்கத்தாவில் ஒரு கைநாட்டு

என் பெயர் வைத்தியநாதன். கல்கத்தாவில் இருந்த பத்து நாளும் பைத்தியநாதன். வங்காளிகளுக்கு 'வ' நாவில் ஏறாது; பெயரின் தலையில் 'வ' வந்தால் அதைப் 'ப' ஆக்கிவிடுவார்கள். மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவலாளி பதிவேட்டில் அப்படித்தான் எழுதினார். காலையும் மாலையும் வாய் நிறைய அப்படியேதான் கூப்பிட்டார். "எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று, இவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாரே" என்றாள் என் மனைவி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே 'க'வை வைத்துக்கொண்டு நாலு ஓசையை ஓட்டுகிறவர்கள் நாம். அடுத்தவர் எழுத்துக் கணக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எழுத்துக் கணக்குதான் என் பிழைப்பு. கும்பகோணத்தில் பதினைந்து வயதில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்தைக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். பிறகு சொந்தமாக ஒரு டிரெடில் அச்சு இயந்திரம் போட்டேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், கருமாதிக் கடிதம் என்று ஓட்டி, காலம் போன போக்கில் ஆப்செட்டுக்கு மாறி, மூன்று வருடம் முன்பு கடையை மூடினேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு, தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'யையும் 'னை'யையும் குழி குழியாக எழுத்தை அடுக்கிவைக்கும் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உருக்குவதற்குக் கொடுத்த கை இது. ஈய எழுத்தில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். அதைப் படித்துப் படித்து, கண்ணாடியில் தெரியும் எழுத்தும் காகிதத்தில் இருக்கும் எழுத்தும் எனக்கு ஒன்றுதான்.

அப்படிப்பட்டவன் தைப் பொங்கல் முடிந்த கையோடு கல்கத்தாவில் போய் இறங்கினேன். சுவர், கதவு, ரிக்‌ஷாவின் முதுகு, மருந்துக் கடை, டீக்கடை, எங்கே பார்த்தாலும் எழுத்து. ஒன்றும் படிக்க வரவில்லை. பெரிய சாலைகளில் ஆங்கிலம் கை கொடுக்கிறது. சந்துக்குள் திரும்பினால் அதுவும் இல்லை. ஐம்பது வருடம் எழுத்தோடு கிடந்தவன் அறுபத்தைந்து வயதில் கைநாட்டு ஆனேன்.

"போனைக் காட்டுங்கள் அப்பா, அதுவே படித்துச் சொல்லும்" என்றாள் மகள். செய்து பார்த்தேன். பலகைக்கு முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடிக்கிறார்கள். தவிர, பல் போனால் பரவாயில்லை, மென்று கொடுக்க ஆள் வைத்துக்கொள்வது போல அது எனக்குப் பிடிக்கவில்லை.

விக்டோரியா நினைவு மண்டபத்தை எல்லோரும் பார்ப்பதால் நாங்களும் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது. காளிகோயிலில் கூட்டம். இவை முடிந்ததும் மனைவி பேரனோடு இருந்துகொண்டாள். எனக்கு விடுதலை கிடைத்தது.

மகள் வீடு லேக் மார்க்கெட் பக்கம். அங்கே கல்கத்தா போல எதுவும் தெரியாது. தென்னிந்தியர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் இடம். வாழை இலையும் கறிவேப்பிலையும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கின்றன, இட்லிக்குச் சட்டினி கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. ஊரை விட்டு வந்து ஊரையே பார்ப்பதற்கு ரயில் டிக்கெட் எதற்கு? மறுநாள் காலை காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984-ல் இந்த ஊரில்தான் ஓடியது. சென்ட்ரலில் இறங்கி, லால்பஜாரிலிருந்து வடக்கே சித்பூர் சாலையைப் பிடித்தேன். பலகையில் அதன் பெயர் ரவீந்திர சரணி. தாகூரின் ஜோராசாங்கோ வீடு இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே, காளிகோயிலுக்குப் போகிற யாத்ரீகர்கள் நடந்து நடந்து விழுந்த தடம் இது. பிறகு நகரம் இதன் இரு பக்கமும் முளைத்தது.

படிக்கத் தெரியாதவன் எப்படி நடப்பான் என்று அன்று தெரிந்துகொண்டேன். மூக்காலும் காதாலும் நடப்பான். அத்தர் வாசனை வந்தால் நகோதா மசூதி நெருங்கிவிட்டது. மகாத்மா காந்தி சாலையைத் தாண்டும் இடத்தில் வரிசையாகக் கல்யாண பேண்டுக் கடைகள். சிவப்புக் கோட்டுகள் ஆணியில் தொங்க, ஒருவர் பித்தளைக் குழலைத் துடைத்துத் துடைத்து ஒரே சுரத்தை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுரம் காதில் தேயும் வரை நடந்தால் ஜோராசாங்கோ. அதற்கும் வடக்கே ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் அலுவலகங்கள். வாசலில் தொங்கும் விளம்பரத் தாள்களில் கண்ணீரும் கத்தியுமாக முகங்கள். அவற்றின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பருத்த எழுத்துகள். கும்பகோணத்தில் நான் அடித்த வள்ளி திருமண நோட்டீஸுக்கு இவை பெரியப்பா மக்கள். முகத்தைப் பார்த்துக் கதையைச் சொல்லிவிடலாம். தலைப்பைத்தான் சொல்ல முடியவில்லை.

ஷோபாபஜார் பக்கம் ஒரு பழைய வீட்டின் திண்ணையில் மூன்று கிழவர்கள், காதை மூடிய குரங்குக் குல்லாயோடு, ஒரே செய்தித்தாளை மூன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையை அவர்கள் 'ரோக்' என்கிறார்கள். நம்முடையதைவிட அகலம் குறைவு. சம்மணம் போட முடியாது, காலைத் தெருவில் தொங்கவிட்டு உட்கார வேண்டும். அதனாலேயே போகிறவன் வருகிறவனோடு பேச்சு வளர்கிறது. ஒருவர் என்னைப் பார்த்து "தாதா!" என்றார். என்னைவிட மூத்தவர் என்னைத் தாத்தா என்பதா என்று முகம் சுளித்தேன். அண்ணன் என்று அர்த்தமாம். அந்த ஊரில் கண்டக்டர், கறிகாய்க்காரர், நான், எல்லோருமே தாதா. நம் ஊரில் தாதா என்றால் தொழிலே வேறு. அவர் நகர்ந்து இடம் கொடுத்துத் தன் பங்குச் செய்தித்தாளையும் நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, படிப்பவன் போலச் சிறிது நேரம் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சந்தையில் இன்னொரு வெட்கம். ஒரு பெண்மணி கூடையில் இலந்தைப் பழம் வைத்திருந்தார். நம் ஊர் இலந்தையைவிடப் பெரிது. கூடையில் செருகிய அட்டையில் கரியால் 80 என்று எழுதியிருந்தது. அப்பாடா, எண்ணாவது படிக்க வருகிறதே என்று ஒரு கிலோ வாங்கி 80 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்து, நாலு பத்து ரூபாய்த் தாள்களைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எனக்குப் புரியவில்லை. அட்டையைத் தொட்டு, நாலு விரலைக் காட்டினார். வங்காள நாலு, பார்ப்பதற்கு அச்சாக நம்முடைய எட்டு! ஏழு நம் ஒன்பதைப் போல இருக்கும் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். அந்தப் பெண்மணி அந்த நாற்பதை இடுப்பில் செருகியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவா போகிறது.

அன்றே காலேஜ் தெரு போனேன். ஊரே 'போய் பாடா' என்று சொல்கிற புத்தகப் பேட்டை. 1857-ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு ஒரே ஆண்டில் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம், அதற்கும் மூத்த பிரசிடென்சி, சமஸ்கிருதக் கல்லூரி எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில். அவற்றின் சுற்றுச்சுவர்களில் சாய்ந்தபடி தகரமும் பலகையும் வைத்து அடித்த புத்தகக் கடைகள் நூற்றுக்கணக்கில். மருத்துவப் பாடப்புத்தகத்தின் மேல் பஞ்சாங்கம், பஞ்சாங்கத்தின் மேல் ஒரு பூனை. நடுவில் டிராம் தண்டவாளம். குதிரை இழுத்த டிராம் 1873-லும் மின்சார டிராம் 1902-லும் வந்த ஊர். நான் நின்ற நேரத்தில் தண்டவாளத்தின் மேல் கைவண்டிதான் போனது.

ஒரு கடையில் பழுப்பேறிய புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். படிக்க வராவிட்டால் என்ன, அச்சைப் பார்க்கலாமே. வங்காள எழுத்தின் தலையில் ஒரு கோடு ஓடும். அதை 'மாத்ரா' என்கிறார்கள். அடுத்தடுத்த எழுத்தின் கோடு இழைந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். கணினியில் அது தானாக நடக்கும். ஈய எழுத்தைக் கையால் கோத்தால், எழுத்துக்கு எழுத்து மயிரிழை வெட்டு விழும். கண்ணை வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி மெல்லிய வெட்டு. யாரோ ஒருவன் நின்றுகொண்டே கால் வலிக்க வலிக்கக் கோத்த பக்கம் அது. கடைக்காரரிடம் அந்த வெட்டைக் காட்டி, "ஹேண்ட் கம்போஸிங்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய அப்பாவும் கம்பாசிட்டர்.

அதன் பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஹூக்ளியில் 1778-ல் ஹால்ஹெட் என்ற ஆங்கிலேயரின் வங்க இலக்கணம் அச்சானதையும், அதற்காக வில்கின்ஸ் என்ற இன்னோர் ஆங்கிலேயர் எழுத்து வெட்டியபோது பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர் கூட நின்று வெட்டியதையும் தன் வீட்டுக் கல்யாணம் போலச் சொன்னார். 'கர்மகார்' என்றாலே கொல்லன் என்று மேசையில் தட்டிக் காட்டினார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சானது 1578-ல் என்றேன். விரல் விட்டு எண்ணினார். சரியாக இருநூறு வருடம். "டீ என் கணக்கு" என்று பையனைக் கூப்பிட்டார். மண் குவளையில் டீ வந்தது.

அவர்தான் ஒரு மெல்லிய சிறுவர் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். "போர்னோபோரிசொய்" என்றார். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு பிடிபட்டது: வர்ண பரிச்சயம், அதாவது எழுத்தோடு பழக்கம். 1855-ல் ஈசுவர சந்திர வித்யாசாகர் எழுதிய அரிச்சுவடி. வித்யாசாகரை விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்டவர் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அவர் அச்சகம் நடத்தியவர் என்பதும், எந்த எழுத்து கேஸின் எந்தக் குழியில் இருக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு செய்துகொடுத்தவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எதிரே குளத்தங்கரைப் பூங்காவில் சிலையாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் எனக்குத் திடீரென்று பங்காளி ஆகிவிட்டார்.

அவரைப் பற்றி வங்காளக் குழந்தைகளுக்கெல்லாம் சொல்லும் கதையைக் கடைக்காரரும் சொன்னார். பீர்சிங்கா கிராமத்திலிருந்து அப்பாவோடு கல்கத்தாவுக்கு நடந்து வருகிறான் எட்டு வயதுப் பையன். வழியோரம் ஒரு கல்லைப் பார்த்து, "அம்மிக்கல்லை ஏன் ரோட்டில் நட்டு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறான். அப்பா, அது மைல் கல் என்கிறார். கல்லுக்குக் கல் எண் குறைந்துகொண்டே வர, ஊர் வந்து சேர்வதற்குள் ஆங்கில எண்கள் அத்தனையும் பையனுக்குப் பாடம். "நடந்துகொண்டே படித்தவர். உங்களுக்கு என்ன வயதாகிவிட்டது?" என்றார் கடைக்காரர். என்ன வயது என்று நான் சொல்லவில்லை.

முதல் பாடத்தை அவரே நடத்தினார். முக்கோணம் என்றால் 'ப'. முக்கோணத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ர'. முக்கோணத்தின் வலது தோளில் கொக்கி மாட்டினால் 'க'. பிறகு உயிர்க்குறிகள். இங்கேதான் எனக்குக் குஷி பிறந்தது. 'கெ'வுக்கு நாம் கொம்பு போடுவது போலவே அவர்களும் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு போடுகிறார்கள். 'கொ'வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், அச்சு அசலாக நம் முறை! ஆனால் 'கி'யில் காலை வாரிவிட்டார்கள். நமக்குத் தலைக்குப் பின்னால் விழும் சுழி அவர்களுக்கு எழுத்துக்கு முன்னாலேயே நிற்கிறது. எழுதுவது முன்னால், சொல்வது பின்னால். கூட்டெழுத்துகளைப் பார்த்தபோதுதான் அந்த ஊர்க் கம்பாசிட்டர்களை நினைத்துக் கும்பிடு போட்டேன். இரண்டு மெய் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு முகம் வந்து நிற்கிறது. அத்தனைக்கும் தனித்தனி ஈயம், தனித்தனிக் குழி. புள்ளி வைத்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்ட நம் பாட்டன்மார் புண்ணியவான்கள்.

தலையைத் தூக்கினேன். எதிர்க் கடையின் பலகையில் இரண்டே எழுத்தில் ஒரு சொல். முதலில் முக்கோணம். அடுத்து, கோட்டுக்கு மேலே சுருளை நீட்டிக்கொண்டு நிற்கும் 'இ'. ப, இ. பஇ. அவர்கள் வாயில் 'போய்'. புத்தகம்! அந்தப் பக்கத்துக் கடையிலும் அதே சொல். அடுத்ததிலும் அதே. தெரு முழுக்க நூறு தடவை எழுதி வைத்து, நான் படிப்பதற்காகக் காத்திருந்தது போல இருந்தது. சத்தமாகவே படித்துவிட்டேன் போலிருக்கிறது. பூனை இறங்கிப் போய்விட்டது.

புத்தகத்தைப் பையில் போடும்போது உள்ளே இலந்தைப் பழத்தைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். "ஐயையோ, குல்! சாப்பிட்டுவிட்டீர்களா?" வங்காளத்தில் மாணவர்கள் சரஸ்வதி பூசைக்கு முன் இலந்தைப் பழம் தின்னக் கூடாதாம், தின்றால் தேர்வில் தேறமாட்டார்கள். அவர்களுடைய சரஸ்வதி பூசை தை, மாசியில் வருவது. அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. காலையில் நான் ஏழெட்டுத் தின்றிருந்தேன். "காலையில் நான் மாணவன் இல்லையே" என்றேன். அவர் யோசித்து, அதை ஒப்புக்கொண்டார். மீதிப் பழத்தை அவரே வைத்துக்கொண்டார்.

அடுத்த நாட்களில் நான் நடந்த வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சியால்தா பக்கம் பைட்டக்கானா சாலையில் காகிதக் கடைகளையும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும் தாண்ட எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. பலகைக்குப் பலகை நின்று, உதட்டை அசைத்துக் கூட்டிப் படித்தேன். பாதிக்கு மேல் கூட்டெழுத்தில் இடறி விழுந்தேன். படித்த சொல்லுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஒரு பலகையை ஐந்து நிமிடம் போராடிப் படித்தால் 'பியூட்டி டெய்லர்ஸ்' என்று வரும்.

கல்யாணப் பத்திரிகைகளில் நம் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. கடைக்குக் கடை அதே பூச்சி. வங்காளத்தில் பிரஜாபதி என்றால் படைப்புக் கடவுளும்தான், வண்ணத்துப்பூச்சியும்தான். மேலே கடவுளுக்கு வணக்கம் எழுதி, கீழே பூச்சியைப் பறக்கவிடுகிறார்கள். என் பழைய பிளாக்குகளில் ஏழு தினுசுப் பிள்ளையார் உண்டு. ஒரு பூச்சிகூடக் கிடையாது. சந்துக்குள் ஒரு டிரெடிலின் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தேன். எழுத்தே கோக்காமல், அட்டையில் மடிப்புக்கோடு அழுத்திக்கொண்டிருந்தார்கள். என் டிரெடிலும் கடைசிக் காலத்தில் அந்த வேலைதான் பார்த்தது. ஓட்டுகிற பையனிடம், இடது பக்கம் எண்ணெய் விடு என்று ஜாடை காட்டிவிட்டு வந்தேன். விட்டானோ, என்னவோ.

மண்சிலை செய்கிறவர்களின் பேட்டையான குமார்துலியில் சந்து முழுக்க சரஸ்வதிகள். வைக்கோலைச் சணலால் இறுக்கிக் கட்டியவை, களிமண் பூசியவை, வெள்ளை அடித்தவை, அன்னம் மட்டும் தனியாகக் காய்கிறவை. அவர்களுக்கு சரஸ்வதி பூசை அன்றைக்குத்தான் குழந்தைக்குச் சிலேட்டில் முதல் எழுத்து, நமக்கு விஜயதசமி.

கடைசி நாள் மறுபடியும் சித்பூர் சாலை. நூதன் பஜாரில் பித்தளைப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே மர அச்சு விற்கிறார்கள். சந்தேஷ் இனிப்பை அழுத்தி எடுக்கும் அச்சு. சங்கு, மீன், தாமரை, வண்ணத்துப்பூச்சி என்று உள்ளங்கை அளவுப் பலகைகளில் குழித்துச் செதுக்கியவை. முதல் நாள் இதே கடையைப் பார்க்காமல் தாண்டியிருக்கிறேன். ஒரு வட்ட அச்சைக் கையில் எடுத்தேன். நடுவில் எழுத்து. கொம்பு வலது பக்கம் இருந்தது, தலைக்கோடு வலமிருந்து இடம் ஓடியது. சந்தேஷில் நேராக விழ வேண்டும் என்பதற்காக மரத்தில் மாற்றி வெட்டியிருந்தார்கள்.

அத்தனை நாளும் பலகை பலகையாகத் தட்டுத் தடுமாறியவன், அந்தத் திரும்பிய எழுத்தை ஒரே மூச்சில் படித்தேன். ஆ. முக்கோணத்துக்குக் கால், பா. புள்ளி வைத்த முக்கோணம், ர. அடுத்தது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அரிச்சுவடியில் 'க'வுக்கு அடுத்த எழுத்து. அதற்கும் கால். கடைசியில் முக்கோணத்துக்கு இரு பக்கமும் கொம்பும் காலும், போ. "ஆபார் காபோ" என்றேன். கடைக்காரர் குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, கையில் இருந்த அச்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நேராக எழுதியதையே படிக்கத் தெரியாத முகம் என்று என்னை எடை போட்டிருப்பார். "மறுபடியும் தின்பேன்" என்று அர்த்தமாம். சந்தேஷில் ஒரு வகைக்கு அதுவே பெயர்.

அச்சைத் திருப்பினேன். முதுகில் பென்சிலால் விலை. முதல் எண் நம் எட்டு. "சார் ஷோ போஞ்சாஷ்" என்றேன், நானூற்று ஐம்பது. மாப்பிள்ளையிடம் எண்ணெல்லாம் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். முந்நூறுக்குக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேரம் பேசும் பாடம் வரை அரிச்சுவடியில் நான் இன்னும் போகவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.